கால் காய்ப்பு: தேய்ப்பதா, கரைப்பதா, சீவுவதா, செருப்பை மாற்றுவதா?

உள்ளங்காலில் ஓரிடம் மட்டும் மஞ்சளாகத் தடித்திருக்கிறது. வெறுங்காலில் நடந்தால் கூழாங்கல்லை மிதித்த மாதிரி உறுத்துகிறது. கார்ன் கேப் (அமில மருந்து வைத்த பிளாஸ்திரி) ஒட்டு என்கிறார் ஒருவர், கிரீம் தடவு என்கிறார் இன்னொருவர், கல்லை வைத்துத் தேய்த்தால் போதும் என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் யாரோ ஒருவருக்குப் பலித்ததுதான். உங்களுக்கு எது சரி என்பதைக் காய்ப்பின் தடிமன் சொல்லாது. அது எந்த இடத்தில் இருக்கிறது, உங்கள் காலில் தொடு உணர்வு எப்படி இருக்கிறது என்பவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

## அது காய்ப்புதானா?

காய்ப்பு, ஆணி, பாத மரு ஆகிய மூன்றையும் "கால் ஆணி" என்றே சொல்லிவிடுகிறோம். மருந்து வீணாவது இங்கேதான் தொடங்குகிறது.

| | காய்ப்பு | ஆணி | பாத மரு |
|---|---|---|---|
| தோற்றம் | பரந்த, மஞ்சள் கலந்த தடிப்பு. ஓரம் தெளிவாக இராது | சிறியது, வட்டமானது. நடுவில் கெட்டியான முளை | சொரசொரப்பு. உள்ளே கறுப்புப் புள்ளிகள் |
| தோல் ரேகை | தடிப்பின் மேலும் தொடரும் | முளையைச் சுற்றி விலகும் | மருவின் ஓரத்தில் அறுபட்டு நிற்கும் |
| வலி | இல்லை, அல்லது எரிச்சலும் மந்தமான உறுத்தலும் | நேராக அழுத்தினால் சுருக்கென்று குத்தும் | பக்கவாட்டில் கிள்ளினால் அதிகம் வலிக்கும் |
| காரணம் | அழுத்தம், உரசல் | ஒரு புள்ளியில் குவியும் அழுத்தம் | எச்.பி.வி. வைரஸ் |

சந்தேகம் இருந்தால் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் ரேகையைப் பாருங்கள். விரல் ரேகை போன்ற கோடுகள் தடிப்புக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால் காய்ப்பு. வேலியில் முட்டியதுபோல ஓரத்திலேயே நின்றுவிட்டால் மரு. மருவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் அழுக்கு அல்ல, அடைபட்ட நுண்ணிய ரத்தக் குழாய்கள். அதைக் கல்லால் தேய்த்தால் ரத்தம் கசியும். அதே கல்லை மற்ற இடத்தில் வைத்தால் வைரஸ் அங்கேயும் பரவலாம்.

விரல் இடுக்கில், குறிப்பாக நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே, வெள்ளையாக ஊறிப்போய் வலிப்பது மென்மையான ஆணி. அதைச் சேற்றுப்புண் என்று நினைத்து மாதக்கணக்கில் பூஞ்சைக் களிம்பு தடவுகிறவர்கள் உண்டு. இரண்டு விரல் எலும்புகள் ஒன்றையொன்று நெரிப்பதுதான் அதன் காரணம்.

இரு உள்ளங்கால்களும் உள்ளங்கைகளும் சிறு வயதிலிருந்தே ஒரே மாதிரி தடித்திருந்தால் அது பரம்பரைத் தோல் நோயாக இருக்கலாம். பாதம் முழுக்கச் செதில் உதிர்ந்து அரித்தால் பூஞ்சையோ சொரியாசிஸோ இருக்கலாம். கரும்பழுப்பு அல்லது கறுப்புத் திட்டு ஒழுங்கற்ற ஓரத்துடன் வளர்ந்துகொண்டே போனால் எதையும் தடவ வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். உள்ளங்காலிலும் தோல் புற்றுநோய் வரும். தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

## இடமே காரணத்தைச் சொல்லும்

தோலின் மேலடுக்கு கெரட்டின் நிறைந்த செத்த செல்களால் ஆனது. அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகிறது. ஓரிடத்தில் அழுத்தமும் உரசலும் நாள்தோறும் விழுந்தால் அங்கே செல்கள் வேகமாகப் பிறக்கின்றன, ஆனால் உதிர்வது தாமதமாகிறது. மிச்சம் அடுக்கடுக்காகச் சேர்கிறது. உரசல் ஒரே நாளில் அதிகமாக வந்தால் கொப்புளம். கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் காய்ப்பு.

ஒரு கட்டத்துக்கு மேல் அந்தத் தடிப்பே சிக்கலாகிவிடுகிறது. ஷூவுக்குள் விழுந்த கல் போல அது கீழே இருக்கும் நல்ல தோலை அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட, தோல் இன்னும் தடிக்கிறது.

இரண்டாம் விரலின் அடியில், முன்பாதத்தில்: அதிகம் காணப்படும் இடம். நடக்கும்போது அங்குள்ள எலும்பின் தலையில் அழுத்தம் குவிகிறது. ஹீல்ஸ் எடையை முன்னே தள்ளும். பெருவிரல் அடியில் எலும்பு புடைத்து (புனியன்) விரல் சாய்ந்திருந்தால், பெருவிரல் தாங்க வேண்டிய எடையும் இதன்மேல் விழும்.

பெருவிரலின் உட்பக்க ஓரம்: நடக்கும்போது பாதம் உள்நோக்கிச் சரிந்து, விரலைத் திருகித் தள்ளுகிறது. தட்டைப் பாதக்காரர்களிடம் இது சகஜம்.

சுண்டுவிரலின் அடி: வளைவு உயர்ந்த பாதத்தில் எடை வெளி ஓரத்துக்குப் போகும்.

விரல் கணுவின் மேல், விரல் நுனி: மடங்கிய சுத்தி விரல் ஷூவின் மேற்பகுதியில் இடிக்கிறது. பெரும்பாலும் இது ஆணியாக மாறும்.

குதிகால் விளிம்பு: பின்பக்கம் திறந்த செருப்பில் குதிகாலின் கொழுப்பு மெத்தை பக்கவாட்டில் பிதுங்கும். விளிம்பு காய்ந்து தடித்தால் இழுபட்டு வெடிக்கும். பித்தவெடிப்பு என்பது பெரும்பாலும் இப்படி விரிசல் விட்ட காய்ப்புதான்.

காய்ப்பு ஒரு காலில் மட்டும் இருந்தால் ஒரு கால் நீளம் குறைவு, பழைய காயம், இடுப்பு அல்லது முழங்கால் வலியால் நடை மாறியது போன்றவற்றைத் தேட வேண்டும். வயதாக ஆக முன்பாதத்தின் கொழுப்பு மெத்தை மெலிவதால், முப்பது வருடம் தொந்தரவு தராத அதே மாதிரிச் செருப்பு திடீரென்று உறுத்தத் தொடங்குவதும் உண்டு.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து விஷயங்கள். அவற்றில் முதலாவதற்கு மட்டும் வீட்டோ அதிகாரம்.

1. தொடு உணர்வும் ரத்த ஓட்டமும். சர்க்கரை நோய், நரம்பு பாதிப்பு, கால் ரத்தக் குழாய் அடைப்பு இருந்தால் அமிலம், கூர்மையான கருவி, வெந்நீர் மூன்றும் பட்டியலிலிருந்தே நீங்கும்.
2. அழுத்தத்தை அது குறைக்கிறதா, தோலை மட்டும் குறைக்கிறதா?
3. நிவாரணம் எவ்வளவு சீக்கிரம்?
4. எவ்வளவு நாளில் திரும்பும்?
5. மறைமுகச் செலவு: தினப்படி நேரம், ஷூவில் இடம் போதாமை, நல்ல தோல் புண்ணாவது.

முதல் விஷயத்தை வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இன்னொருவர் உங்கள் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இரு கால்களிலும் ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடட்டும். குத்தவோ அழுத்தவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் கீழே வரும் வழிகளில் கிரீமும் மருத்துவரும் சரியான காலணியும் மட்டுமே உங்களுக்கு உரியவை.

## வழி 1: விட்டுவிடுவது

இதையும் ஒரு வழியாக யாரும் சொல்வதில்லை. வலி இல்லை, வெடிப்பு இல்லை, உணர்வு நன்றாக இருக்கிறது என்றால் காய்ப்பு ஒரு கவசம். வெறுங்காலில் நடப்போர், ஓடுவோர், நடனமாடுவோர் அதை முழுக்க எடுத்துவிட்டால் அடுத்த நாளே கொப்புளம் வரும். வெறுங்காலில் நடப்பவர்களின் காய்ப்பு தடித்திருந்தாலும் தரையை உணரும் திறன் குறைவதில்லை என்று 2019-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஓரத்தில் விரிசல் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

## வழி 2: ஊறவைத்துத் தேய்ப்பது

வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் காலை வையுங்கள். பியூமிஸ் கல்லையும் நனைத்துக்கொண்டு, லேசான அழுத்தத்தில் ஒரே திசையில் தேயுங்கள். ஒரு காய்ப்புக்கு இரண்டு மூன்று நிமிடம் தாராளம். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை போதும். துடைத்ததும் கிரீம் தடவ வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தோல் வளைந்து கொடுக்கத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் ஏற்கெனவே எல்லை தாண்டியாயிற்று. வழவழப்பாகும் வரை ஒரே மூச்சில் தேய்த்தால் அந்த உரசலே தோலைத் தடிக்கச் சொல்லும் இன்னொரு உத்தரவாகிவிடும். மின்சாரத் தேய்ப்பான் வேலையைச் சீக்கிரம் முடிக்கும், அதே வேகத்தில் நல்ல தோலுக்கும் போய்விடும். ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால் சூடும் ஏறும். கல்லை ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்க வேண்டும், ஒரு கல் ஒருவருக்குத்தான்.

பரந்த, வலியில்லாத காய்ப்புக்கும் குதிகாலுக்கும் இது நல்ல வழி. முளை உள்ள ஆணியில் மேற்பரப்புதான் தேயும், முளை அப்படியே இருக்கும்.

## வழி 3: யூரியா கிரீம்

என் கணிப்பில் இது குறைத்து மதிப்பிடப்படும் வழி. யூரியா 10 சதவீதம் வரை இருந்தால் ஈரப்பதத்தைப் பிடித்து வைக்கும். 20 முதல் 25 சதவீதம் தடித்த தோலை நெகிழ்த்தும். 40 சதவீதம் கெரட்டினையே உடைக்கும் அளவு வீரியமானது; அதைத் தடிப்பின் மேல் மட்டும், குறுகிய காலத்துக்கு.

இரவில் கழுவித் துடைத்து, 25 சதவீதக் கிரீமைத் தடவிக் காட்டன் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் தோல் வளைய ஆரம்பிக்கும். அதன்பின் கல்லுக்கு வேலை பாதிதான். விரல் இடுக்கில் தடவக் கூடாது. அங்கே ஈரம் கூடினால் தோல் ஊறிப் பிய்யும். திறந்த வெடிப்பில் பட்டால் எரியும், ஆகவே வெடிப்பு மூடும்வரை வெறும் வாசலின் போதும். தடவியதும் வழுவழுப்பான தரையில் வெறுங்காலில் நடக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், இந்தக் கிரீமால் நேரும் நிஜமான ஆபத்துகளில் வழுக்கி விழுவதும் ஒன்று.

தோல் உடையாமல் இருந்தால் 10 முதல் 25 சதவீதம் வரை சர்க்கரை நோயாளிகளுக்கும் பொதுவாக ஏற்றது. மெதுவாக வேலை செய்யும், நிறுத்தினால் பழைய நிலை திரும்பும், அழுத்தத்தைத் தொடவே தொடாது.

## வழி 4: சாலிசிலிக் அமிலம் (கார்ன் கேப், பிளாஸ்திரி, திரவம்)

பிளாஸ்திரிகளில் 40 சதவீதம் வரையும், சொட்டு மருந்துகளில் 17 சதவீதம் அளவிலும் அமிலம் இருக்கும். செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையை அது தளர்த்துகிறது. முளை உள்ள ஆணிக்கு வீட்டு வழிகளில் இதுவே வேகமானது.

முறை: தடிப்பைவிடச் சற்றுச் சிறியதாகப் பிளாஸ்திரியைக் கத்தரியுங்கள். சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவுங்கள், ஆனால் ஒட்டும் இடத்தில் படக் கூடாது. 48 மணி நேரம் கழித்து எடுத்து, ஊறவைத்து, வெள்ளையாக நெகிழ்ந்ததைச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். 14 நாளுக்குமேல் தொடர வேண்டாம். திரவம் எளிதில் தீப்பிடிக்கும், அடுப்பருகே மூடியைத் திறக்காதீர்கள்.

சிக்கல் இதுதான்: அமிலத்துக்கு காய்ப்பும் நல்ல தோலும் ஒன்றே. வியர்வையில் பிளாஸ்திரி அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் அடுத்த 40 மணி நேரம் அது நல்ல தோலை வேக வைக்கும். எடுத்துப் பார்க்கும்போது ஆணியைவிடப் பெரிய வெள்ளைப் புண் இருக்கும். மேலே ஒரு சுற்று ஒட்டுநாடா போட்டு நகராமல் பாருங்கள். எரிந்தால் 48 மணி வரை பொறுக்காமல் உடனே கழற்றிக் கழுவிவிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களும், உணர்வு அல்லது ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் இதைத் தொடக் கூடாது. எரிவதே தெரியாத காலில் அமிலம் எலும்புவரை போகும் புண்ணுக்கு வாசலாகலாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கார்ன் கேப் ஒட்டியதும் வலி குறைவதற்கு அமிலம் காரணமில்லை, சுற்றியுள்ள வளையம் அழுத்தத்தைத் தூக்கிப் பிடிப்பதால்தான். அந்த நிவாரணத்துக்கு அமிலமில்லாத வளையமே போதும்.

பாதம் முழுவதையும் அமிலத்தில் ஊறவைக்கும் உரிப்பு சாக்ஸ் இந்தப் பிரச்சினைக்குப் பொருந்தாது. ஒரு வாரம் கழித்து எல்லாத் தோலும் உரியும், வளைவில் இருக்கும் மெல்லிய தோல் உட்பட.

## வழி 5: பேடு, இன்சோல், காலணி

மேலே சொன்னவை தோலைக் குறைக்கின்றன. காரணத்தைத் தொடுவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பேடு ஒட்டும் இடம். முன்பாதக் காய்ப்புக்கு மெட்டாடார்சல் பேடு (முன்பாத எலும்புகளைத் தாங்கும் சிறு மெத்தை) வாங்குகிறவர்களில் பலர் அதைக் காய்ப்புக்கு நேர் கீழே ஒட்டிவிடுகிறார்கள். அழுத்தம் கூடி வலி இரட்டிப்பாகிறது, "பேடு சரியில்லை" என்று தூக்கி எறிகிறார்கள். பேடு நிற்க வேண்டிய இடம் காய்ப்புக்குப் பின்னால், குதிகால் பக்கமாக. அது எலும்புத் தண்டுகளைத் தாங்கி, எலும்புத் தலைமேல் விழும் எடையைக் குறைக்கும். இடத்தைக் கண்டுபிடிக்க, காய்ப்பின் மேல் லிப்ஸ்டிக்கைத் தடவி, ஷூவுக்குள் இன்சோலை வைத்துப் பத்தடி நடங்கள். இன்சோலில் கறை விழும். பேடின் முன்விளிம்பு அந்தக் கறைக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் பின்னால் வரும்படி ஒட்டுங்கள்.

வளையமா, லாடமா? முழு வட்ட வளையம் இறுக்கமாக இருந்தால் நடுத்தோல் ஓட்டைக்குள் பிதுங்கி வீங்கும். ஒரு பக்கம் வெட்டிய லாட வடிவம் பெரும்பாலும் நிம்மதி தரும். விரல் இடுக்கு ஆணிக்குச் சிலிக்கான் பிரிப்பான் அல்லது சிறு நுரைத் துண்டு. கூடவே விரல் இடுக்கை உலர வைப்பது.

காலணி. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பாருங்கள். இரு கால்களில் பெரியதற்கு வாங்குங்கள். இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் நில்லுங்கள்: நீளமான விரலுக்கு முன்னால் 1 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், பக்கத்தில் சதை வெளியே வழியக் கூடாது. நீளமான விரல் பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளே கையை விட்டுத் தையல் மேடுகளைத் தடவிப் பாருங்கள். தொளதொள ஷூவும் தப்புதான். உள்ளே கால் வழுக்கி வழுக்கியே உரசல் வரும்.

மறைமுகச் செலவு ஷூவின் உயரம். 5 மில்லிமீட்டர் பேடு வைத்தால் மேலே அந்த அளவு இடம் குறையும். கீழ்க் காய்ப்பு குறைந்து விரல் கணுவில் புதிய ஆணி முளைக்கலாம். ஃபெல்ட் பேடு சில வாரத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும், மாற்ற மறந்தால் இருந்தும் இல்லாத கதைதான். வீட்டுக்குள் வெறுங்காலில் பாதி நாள் நடப்பவருக்கு ஷூவில் இருக்கும் இன்சோல் பாதி நாள்தான் வேலை செய்கிறது.

## வழி 6: மருத்துவரிடம் சீவிக்கொள்வது

பாத மருத்துவரோ பயிற்சி பெற்றவரோ கிருமி நீக்கிய கத்தியால் செத்த தோலை மெல்லிய சீவல்களாக எடுப்பார். செத்த தோலுக்கு உணர்வில்லை என்பதால் பொதுவாக மரத்துப்போக ஊசி தேவைப்படாது. எழுந்து நிற்கும்போதே வித்தியாசம் தெரியும். வேறெந்த வழியிலும் இந்த வேகம் கிடையாது. ஆனால் அழுத்தம் மாறாவிட்டால் சில வாரங்களில் திரும்பும். மறைமுகச் செலவு என்பது திரும்பத் திரும்பப் போவதுதான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இது முதல் வழி. அவர்களின் காய்ப்புக்கு அடியில் வலியே இல்லாமல் புண் உருவாகியிருக்கலாம், சீவினால்தான் தெரியும். காய்ப்புக்குள் கருஞ்சிவப்புப் புள்ளியோ ரத்தக் கறையோ தெரிவது அதன் முன்னறிவிப்பு.

வீட்டில் சவரப் பிளேடால் அறுப்பதை இதன் மலிவுப் பதிப்பாக நினைக்க வேண்டாம். குனிந்தபடி உள்ளங்காலைப் பார்க்கும் கோணத்தில் ஆழம் தெரியாது, பிளேடு வழுக்கும். அந்த வெட்டின் மேல்தான் அடுத்த பத்து நாள் நடந்தாக வேண்டும்.

## வழி 7: அறுவை

காய்ப்பை மட்டும் வெட்டி எடுப்பதில் பயனில்லை. உள்ளங்காலில் விழும் தழும்பே புதிய வலிக்காய்ப்பாகலாம். சுத்தி விரலை நேராக்குவது, புனியனைத் திருத்துவது, எலும்பைச் சற்று உயர்த்துவது போன்றவற்றுக்கே அர்த்தம் உண்டு. காலணியும் பேடும் சில மாதம் ஒழுங்காகப் பயன்படுத்தியும் வலி நிற்காதபோது யோசிக்கலாம். வீக்கம் வடிய மாதங்கள் ஆகலாம். ஓர் எலும்பை உயர்த்தினால் எடை பக்கத்து எலும்புக்கு மாறி, அதன் அடியில் புதிய காய்ப்பு வரும் வாய்ப்பும் உண்டு. இதை அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | நிவாரணம் | அழுத்தம் குறையுமா | உணர்வு குறைந்த காலுக்கு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| விட்டுவிடுதல் | – | இல்லை | கூடாது | வலியற்ற காய்ப்பு |
| கல் | 1–3 வாரம் | இல்லை | கூடாது | குதிகால், பரந்த தடிப்பு |
| யூரியா | 1–2 வாரம் | இல்லை | தோல் உடையாவிட்டால் சரி | வறண்ட, வெடிக்கும் தோல் |
| அமிலம் | சில நாள் – 2 வாரம் | இல்லை | கூடவே கூடாது | முளையுள்ள ஆணி |
| பேடு, காலணி | அன்றே ஓரளவு. முழுப்பலன் 4–6 வாரம் | ஆம் | மருத்துவர் பார்த்து | முன்பாதம், விரல்கள் |
| சீவுதல் | உடனே | தற்காலிகமாக | முதல் தேர்வு | வலிக்கும் தடிப்பு, ஆணி |
| அறுவை | மாதங்கள் | ஆம், சில நேரம் இடம் மாறும் | மிகக் கவனமாக | எலும்புக் கோணல் |

## சேர்த்துச் செய்வது

தனியாக ஒரு வழி பெரும்பாலும் போதாது. குதிகால் என்றால் யூரியாவும் கல்லும், பின்பக்கம் மூடிய காலணியும். முன்பாதத்தில் வலிக்கிறது என்றால் ஒருமுறை சீவிக்கொண்டு, அன்றைக்கே பேடைத் தொடங்குவது. விரல் கணுவில் ஆணி என்றால் முதலில் மேற்பகுதி உயர்ந்த, மெத்தென்ற ஷூ. அமிலம் அதன்பிறகும் தேவைப்பட்டால்தான். விரல் இடுக்கில் பிரிப்பான் மட்டும்.

காய்ப்பைச் சுற்றிச் சிவப்போ சூடோ வந்தால், நீர் கசிந்தால், நாற்றம் வீசினால், அல்லது உணர்வு குறைந்த காலில் நிறம் மாறினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

பேடும் காலணியும் மாற்றி ஆறு வாரமாகியும் அதே இடம் அதே அளவு தடிக்கிறதா? புதிய பேடு வாங்கும் முன் லிப்ஸ்டிக் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். பேடு முன்பக்கம் நகர்ந்து வந்து கறையின் மேலேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.